பால் கவரைக் கழுவி யாருக்குக் கொடுப்பது?

மன்னார்குடி வாசகர் கேட்டது, 9 மே 2025

வீட்டில் மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காத குப்பைக்கு ஒன்று என்று இரண்டு வாளி வைத்திருக்கிறோம். மனைவி பால் கவரைக்கூடக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறார். காலையில் வண்டி வருகிறது. நம் கண் முன்னாலேயே இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். கழுவிய தண்ணீரும் வீண், உழைப்பும் வீண். பிரித்துக் கொடுப்பதெல்லாம் கண்துடைப்பு என்பது என் கட்சி. யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

9 மே, இரவு

பாதி மறுக்கிறேன், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒன்றாகக் கொட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன், வாசலில் நின்று சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வண்டி வருவதற்கு முன்பு நம் ஊரில் எதுவும் பிரியாமலா கிடந்தது? “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிக்கொண்டு வந்தவர் எந்த விதியையும் படித்தவரில்லை. ஓட்டை விழுந்த சொம்பை அம்மா நீட்டினால், தராசில் வைப்பதற்கு முன்பு அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் இருந்தால் எடை கூடிவிடுமே! அவர் நம்மை நம்பியதே கிடையாது.

கும்பகோணத்தில் இருக்கிறேன். ஐந்து பேர் வீடு. நாளைக்கு மூன்று அரை லிட்டர் பால் பாக்கெட், விருந்தாளி வந்தால் ஐந்து. டிகிரி காபிக்குப் பேர்போன ஊரில் இருப்பதற்கு நாங்கள் கட்டும் வரி அது. கவரை நான் கழுவுகிறேன். நீங்கள் இரண்டு நாள் கழுவாமல் வைத்துப் பாருங்கள், மனைவி பக்கம் நியாயம் இருப்பது மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தண்ணீர் வீண் என்கிறீர்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் வீண்தான். கவரில் இரண்டு மடக்குத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அதைப் பால் பாத்திரத்திலேயே ஊற்றிவிடுவது என் வழக்கம். மாமியார் இதைக் கஞ்சத்தனம் என்பார். நான் மறுப்பதில்லை.

10 மே, காலை

அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். மூலை!

கத்தரிக்கோலால் கவரின் மூலையை முழுவதும் வெட்டி எடுக்காதீர்கள். முக்கால்வாசி வெட்டித் தொங்கும்படி விடுங்கள், பால் தாராளமாக ஊற்றும். துண்டாக விழுகிற முக்கோணம் விரல் நகத்தளவுதான் இருக்கிறது. சாக்கில் நிற்காது. பொறுக்குபவர் கைக்கு வராது. முற்றத்துச் சல்லடை வழியே நழுவிச் சாக்கடைக்குப் போய்விடும். நாளைக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 1095 முக்கோணம், அதுவும் என் வீட்டிலிருந்து மட்டும். கவரைக் கழுவிக் காயவைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பாதுகாத்த நான், பத்து வருடமாக மூலையை வெட்டிக் கழுவுதொட்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

11 மே, ஞாயிறு

பேசிக்கொண்டே இருப்பதைவிடக் கேட்டுவிடலாம் என்று காயலான் கடைக்கே போனேன். கடையை நடத்துவது ஓர் அம்மாள். என் கழுவும் பெருமையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கழுவினால் நல்லதுதான் அக்கா. கழுவிவிட்டு ஈரத்தோடு மூட்டை கட்டிக் கொண்டுவருகிறீர்களே, அதற்குக் கழுவாமலேயே கொண்டுவரலாம்.”

ஈரக் கவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே பூசணம் பிடிக்கின்றனவாம். அதைவிடப் பெரிய தொல்லை எடை. அவர் நமக்கு ஈரத்தோடு எடை போட்டுக் காசு கொடுத்தாலும், அவரிடம் வாங்குகிற மொத்த வியாபாரி ஈரத்துக்குக் கழிவு போட்டுத்தான் கணக்குத் தீர்ப்பார். கழிவுக்கே கழிவு! ஆகவே 9-ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கழுவுவது பாதி வேலை, காயவைப்பது மீதிப் பாதி. நேரமில்லாதவர்கள் கவரைக் கத்தரித்து விரித்துத் துடைத்துக் காயவைத்தாலும் போதும். இந்த அக்னி நட்சத்திர வெயிலில் பத்து நிமிடம் ஆகாது.

இன்னொரு திட்டும் வாங்கினேன். தண்ணீர் பாட்டில்களை மூடியைத் திருகியே கொண்டுபோயிருந்தேன். “மூடி தனி ரகம், பாட்டில் தனி ரகம். மூடி போட்ட பாட்டில் நசுங்காது. சாக்கு நிறையக் காற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்” என்றார். திறந்து, மிதித்து, மூடியைத் தனிப் பையில் போட வேண்டுமாம்.

13 மே

மூடி ஏன் தனி ரகம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பாட்டிலில் ஒரு துண்டு, மூடி ஒன்று, பால் கவரில் ஒரு துண்டு. மூன்றையும் அமுக்கி விடுங்கள். பாட்டில் துண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மூடியும் கவரும் மேலே வந்துவிடும்.

பாட்டில் பெட் என்கிற வகை. அதன் அடர்த்தி 1.38 அளவில் இருப்பதால் மூழ்குகிறது. மூடியும் கவரும் பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன் குடும்பம். அவற்றின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ஆலையிலும் அரைத்த செதில்களைத் தொட்டியில் கொட்டி, மிதப்பதை ஒரு பக்கமும் மூழ்குவதை ஒரு பக்கமும் எடுக்கிறார்கள். நம் வீட்டில் நெல்லைத் தண்ணீரில் போட்டுப் பதரை எடுக்கிற அதே வித்தை.

பெட் செதிலைச் சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீரில் அலசி, 260 டிகிரிக்கு மேல் உருக்கி, இழையாக இழுக்கிறார்கள். பாலியஸ்டர் பஞ்சாகித் தலையணைக்குள் போவது அதில் ஏராளம். இதற்குள் கொஞ்சம் பி.வி.சி. கலந்துவிட்டால் அந்தச் சூட்டில் அது சிதைந்து அமிலத்தைக் கக்கும், உருக்கியது முழுவதும் மஞ்சளாகிக் கெடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அந்தக் கதை.

பால் கவரின் கதை வேறு. அரைத்து, உருக்கி, குருணை போன்ற மணிகளாக்குகிறார்கள். வெள்ளை, நீலம், பச்சை, ஆரஞ்சு எல்லாம் கலந்து உருகினால் எந்த நிறமும் வராது, அதனால் கறுப்பைச் சேர்த்துவிடுவார்கள். குப்பைப் பை, தாழ்வான வேலைக்கான கறுப்புக் குழாய், விரிப்பு என்று ஆகிறது. அது மறுபடியும் பால் கவராக வராது. உணவுக்குத் தொடாத ஏதோ ஒன்றாக ஒரு படி இறங்கித்தான் பிறக்கும்.

13 மே, இரவு

பாட்டில், டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம் என்கிறார் பாபநாசத்துக்காரர். அர்த்தம் அதுவல்ல. எந்த ரகம் என்று சொல்வதோடு அந்த எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. 1 பெட், 2 கெட்டியான பாலிஎத்திலீன், 3 பி.வி.சி., 4 மெல்லிய பாலிஎத்திலீன், 5 பாலிப்ரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. எங்கள் கடை அம்மாளுக்கு எண் எதுவும் தெரியாது. கையில் கசக்கிச் சத்தம் கேட்டு, வளைத்துப் பார்த்து வெளுக்கிறதா என்று கவனித்து ரகம் சொல்கிறார். எனக்கு அந்த எண்ணைப் படிக்கவே கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

18 மே

தாள் பற்றி. வைகாசி முகூர்த்த மாதம் தொடங்கிவிட்டது, வீடு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. தடவிப் பார்த்தால் வழவழப்பான மேலட்டையும் பொன் அச்சுப் பிள்ளையாரும். அந்த வழவழப்பு பிளாஸ்டிக் தோல். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், தாள் கிழியும், தோல் இழுபடும். அப்படி இழுபட்டால் தாளோடு சேர்க்காதீர்கள். உள்ளே இருக்கிற சாதாரண அட்டையை உருவிப் போடலாம். பிள்ளையாரைக் குப்பையில் போட மாமியாருக்கு மனம் வராது என்பது தனிப் பிரச்சினை. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறார்.

பஸ் டிக்கெட், மளிகை ரசீது இவற்றையும் சேர்க்காதீர்கள். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுகிறதே, அது சூட்டில் எழுத்து வருகிற ரசாயனப் பூச்சு. பஜ்ஜி மடித்த தாளும் ஆகாது. ஆலையில் தாளைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்குகிறார்கள். எண்ணெய் தண்ணீரோடு சேராது, கூழில் திட்டாக நின்று புதுத் தாளில் புள்ளியாக வரும். பின் குத்திய நோட்டு பற்றிக் கவலை வேண்டாம், சல்லடையிலும் காந்தத்திலும் பின் நின்றுவிடும். சுருள் கம்பியை மட்டும் உருவுங்கள்.

நம் காவிரிக் கரையிலேயே, கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை இருக்கிறது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதில் பெயர் பெற்றது. பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கே உண்டு. தாளை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்ப முடியாது. ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிறது. ஐந்தாறு முறை போனால் முட்டை அடுக்கும் அட்டைக்குத்தான் ஆகும். அந்த முட்டை அட்டையை உரக்குழியில் கிழித்துப் போடுகிறேன். மண்புழுவுக்கு அவ்வளவு பிடிக்கிறது.

20 மே

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஞாயிற்றுக்கிழமை வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். என்ன ஆயிற்று என்றேன். “சவர பிளேடு அம்மா. மூன்றாம் நாள் ஏதோ ஒரு பையில் இருந்தது” என்றார். எந்த வீட்டுப் பை என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மகன் பிளேடை மாற்றியதும், பழையதைக் குளியலறைக் கூடையில் போட்டதும், அந்தக் கூடையைக் கவரில் கட்டி நானே வைத்ததும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரமாக நான் கழுவுவது, காயவைப்பது, மூலை, மூடி என்று இங்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிளேடைத் தாளில் சுற்றி அதன் மேல் எழுதி ஒட்டத் தோன்றவில்லை. இப்போது இருமல் மருந்துப் புட்டி ஒன்று வைத்திருக்கிறோம், பிளேடு, ஊசி, பின் எல்லாம் அதற்குள். உடைந்த கண்ணாடிக்கு அட்டைப்பெட்டி, மேலே சிவப்புப் பேனாவில் எழுத்து. நாப்கின், டயப்பர் தாளில் சுற்றித் தனியாக. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் மக்கும், மக்காத இரண்டோடு நிற்கவில்லை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாவதையும் சொல்லியிருந்தன. டியூப்லைட், பேட்டரி, மிச்ச மருந்து, பெயின்ட் டப்பா எல்லாம் அதில். மூன்றாவது வாளி வைத்த வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை, என் வீடும் சேர்த்து.

அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். வண்டியின் பக்கவாட்டில் நான்கைந்து சாக்குகள் தொங்குகின்றன. கொட்டும்போது கலப்பதுபோல் தெரிந்தாலும், அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அவருடைய கை பாட்டிலையும் அட்டையையும் உருவிச் சாக்கில் போட்டுவிடுகிறது. அதை விற்றுக் கிடைப்பது அவருக்கு. மீதியை நுண் உர மையத்தில் இன்னொரு முறை கையால் பிரிக்கிறார்கள். மன்னார்குடிக்காரரே, உங்கள் ஊரில் எப்படியோ எனக்குத் தெரியாது. நான் சண்டை போட்டது தப்பு என்று அவரிடம் சொன்னேன். “பரவாயில்லை அம்மா, எல்லாரும்தான் போடுகிறார்கள்” என்றார்.

25 மே

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, பற்பசைக் குழாய். இவற்றை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாது. மாத்திரை அட்டையும் இதே கதைதான், பி.வி.சி.யும் அலுமினியமும். வாங்காததைக் கழுவி என்ன பயன் என்று முந்தாநாள் ஒருவருக்கு நானே பதில் எழுதியிருந்தேன்.

அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். விலை போகாத பிளாஸ்டிக்கை உள்ளாட்சிகள் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றன. சுண்ணாம்புக் கல்லைச் சிமெண்டுக்கான கட்டியாக வாட்டச் சூளையில் 1450 டிகிரி வேண்டும். நிலக்கரியில் ஒரு பங்குக்குப் பதிலாக இது எரிகிறது. ஈரமும் சோறும் ஒட்டியிருந்தால் அந்தச் சூட்டில் பாதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஆகவே வாங்காத பொருளையும் உதறிக் காயவைத்துக் கொடுங்கள். இதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எரிப்பதுதான், கொஞ்சம் உபயோகமாக எரிப்பது.

அந்த அரியலூர்ச் சுண்ணாம்பு பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தபோது படிந்தது. பள்ளிச் சுற்றுலாவில் அழைத்துப்போய்ச் சிப்பிக் கல் பொறுக்க விட்டார்கள். அப்போது கையிலிருந்த முறுக்குப் பொட்டலம் வெறும் தாள்.

26 மே

பிளாஸ்டிக் சாலையை ஏன் விட்டீர்கள் என்று நாலு பேர். விடவில்லை, தூக்கம் வந்துவிட்டது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறை அது. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஜல்லியை 160 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் உருகி ஜல்லிக்குச் சட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தார். பால் கவர், பை, தெர்மகோல் எல்லாம் ஆகும். பி.வி.சி. மட்டும் கூடாது. காரணம் 13-ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது.

1 ஜூன்

எரிப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வாக்குமூலம். 2017 வரை கொல்லைப்புறத்தில் தென்னை மட்டையோடு சேர்த்துக் கவரையும் எரித்துக்கொண்டிருந்தேன். சாம்பலைப் பாத்திரம் தேய்க்கக்கூட எடுத்திருக்கிறேன். சிமெண்ட் சூளையின் சூடு கொல்லைத் தீயில் வராது. அரைகுறையாக எரியும்போதுதான் நஞ்சு, அதிலும் குழாய்த் துண்டு, ஒயர் மாதிரிக் குளோரின் உள்ளவை எரிந்தால் டையாக்சின். பக்கத்து வீட்டுப் பாட்டி மதில்மேல் எட்டிப் பார்த்து, “உன் வீட்டுச் சமையல் எனக்கு இருமலாக வருகிறது” என்றார். நிறுத்தியது அன்றைக்குத்தான். டையாக்சின் என்ற சொல்லை அதற்கு அப்புறம்தான் படித்தேன்.

8 ஜூன்

திருத்துறைப்பூண்டி விவசாயி கேட்டது: பூச்சிமருந்து பாட்டில் நல்ல கெட்டிப் பிளாஸ்டிக், கழுவி வீட்டில் எண்ணெய் ஊற்றலாமா?

கூடவே கூடாது. மருந்து கலக்கும்போதே பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. வாய்க்காலில் அலசாதீர்கள், உங்களுக்குக் கீழே ஒருவர் அதே தண்ணீரில் முகம் கழுவுவார். பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் மறுபடி எதையும் ஊற்ற முடியாதபடி. வீட்டுப் பிளாஸ்டிக்கோடு அதைச் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

வேதாரண்யத்துக்காரர் எழுதியிருக்கும் தார்ப்பாய் விஷயம் எனக்குப் புதிது. 2018 கஜா புயலுக்குப் பிறகு கூரைமேல் போட்ட தார்ப்பாய்கள் வெயிலில் மொறுமொறுத்து, தொட்டால் இழை இழையாக உதிர்ந்து தோட்டமெல்லாம் கிடந்ததாம். வெயில் தின்ற பிளாஸ்டிக்கைக் கடையில் வாங்குவதில்லை. மடித்து நிழலில் வைத்திருந்தால் வாங்கியிருப்பார்கள். புயலில் கூரை போனவருக்கு இதைச் சொல்ல எனக்கென்ன, சொல்லிவிடலாம்.

22 ஜூன்

12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள், 15-ஆம் தேதி கல்லணையை. எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சின்ன வயதில் முதல் தண்ணீரைப் பார்க்க ஓடுவோம். முன்னால் சருகும் நுரையும் வரும், பின்னால் சிவந்த தண்ணீர். இப்போதும் போனேன். முன்னால் வந்தது தெர்மகோல் தட்டு, செருப்பு, எண்ணெய்க் கவர், மது பாட்டில், ஒரு பிளாஸ்டிக் குதிரை. தண்ணீர் அவற்றுக்குப் பின்னால் மரியாதையாக வந்தது.

தூர்வாரிய மண் இன்னும் கரையில் கிடக்கிறது. வெட்டிய பக்கத்தில் வேர்போலக் கவர்கள் தொங்குகின்றன. மதகுக் கம்பியில் சிக்கியதை ஒரு பையன் கழியால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான், தண்ணீர் போக வேண்டுமே. அரசலாற்றில் போனது காரைக்காலில் கடலைப் பார்க்கும். நடுவில் நின்றால் கடைமடைக்காரர் வயலில். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வருடா வருடம் போராட்டம் நடக்கிறது. நம் குப்பை மட்டும் எந்தப் போராட்டமும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மூலை முக்கோணம் எதுவும் கண்ணில் படவில்லை. படாது.

6 ஜூலை

கொஞ்சம் சந்தோஷமான விஷயம். பாட்டி காலத்துப் பித்தளை அண்டா அடி விட்டுவிட்டது. கடை அம்மாள் எடைக்கு எடுக்கத் தயார். எனக்கு மனம் வராமல் நாச்சியார்கோயிலுக்குக் கொண்டுபோனேன். குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகளில் பழைய பித்தளையை வாங்குகிறார்கள். துண்டாக்கி மூசை என்கிற உருக்கும் கலத்தில் உருக்கி, மண் அச்சில் ஊற்றி, கடைசல் பிடிக்கும்போது உதிர்கிற சீவலைக் கூட்டி மறுபடியும் மூசைக்கே. ஒரு துளி வெளியே போவதில்லை. துத்தநாகம் மட்டும் ஒவ்வொரு உருக்கிலும் கொஞ்சம் வெள்ளைப் புகையாகப் பறந்துவிடுமாம், அதைக் கணக்குப் பார்த்துச் சேர்க்கிறார்கள். “வெண்கலத்தைக் கலந்து கொண்டுவராதீர்கள் அம்மா, உருகிய பிறகு எங்களுக்கு அழுகைதான்” என்றார் பட்டறைக்காரர். பிரித்துக் கொடுப்பதை அங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அலுமினியமும் அப்படித்தான். தாதுவிலிருந்து எடுப்பதோடு பார்த்தால் பழையதை உருக்க 5 சதவீத ஆற்றல் போதும். அதனால்தான் அலுமினியக் குளிர்பான டப்பா தெருவில் அரை மணி நேரம் கிடப்பதில்லை. பால் கவர் ஒரு வாரம் கிடக்கும்.

13 ஜூலை

கண்ணாடி: உடையாமல் இருந்தால் பாட்டிலாகவே திரும்பிப் போகும், உடைந்தால் நிறம் பார்த்து உருக்கப் போகும். நாற்று நடும் பெண்களின் காலைக் கிழிப்பது வரப்பில் குடித்துவிட்டு எறிந்த பாட்டில்தான். உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022-இல் நீலகிரியில் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். நியாயமான யோசனை. புத்திமதிக்குக் குனியாத முதுகு பத்து ரூபாய்க்குக் குனியும்.

ஊறுகாய்ப் புட்டிகளை நான் கொடுப்பதில்லை. எதற்கு வைத்திருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை. 42 இருக்கின்றன.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

படித்துறையில் கூட்டம். காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் எல்லாம் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில். காப்பரிசியை வாழை இலையில் கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பையை வீசப் போனாள். நான் வாய் திறப்பதற்குள் அவளுடைய ஆச்சி பையைப் பிடுங்கி, உள்ளே இருந்ததைத் தண்ணீரில் உதறி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “நாளைக்கு மீன் வாங்க ஆகும்” என்றார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்த மாதிரிப் பைக்குத் தடை என்று சொல்ல வந்தேன். ஆச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

17 ஆகஸ்ட்

மன்னார்குடிக்காரர் கணக்குக் கேட்டிருக்கிறார், என்ன கிடைத்தது என்று. மே 9 முதல் நேற்று வரை சேர்த்ததை இன்று போட்டேன். செய்தித்தாள் 14 கிலோ, 196 ரூபாய். பாட்டில் ஒரு கிலோ சொச்சம், 24 ரூபாய். பால் கவர், நூறு நாள், முந்நூற்றுச் சொச்சம் கவர், கழுவிக் கொடியில் காயவைத்து, காற்றில் பறந்ததை ஓடிப் பிடித்துச் சேர்த்தது: முக்கால் கிலோ. எட்டு ரூபாய். “உங்களுக்காக எட்டு அக்கா, மற்றவர்களுக்கு ஏழுதான்” என்றார் அம்மாள். ஈரம் இருக்கிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்த எட்டு ரூபாயைத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தால் சிரிப்பார் என்று, அடுத்த முறையிலிருந்து கவர் மூட்டையையே அவருடைய சாக்கில் போடுவதாகப் பேசியிருக்கிறேன். கை ஆறிவிட்டது. பிளேடுப் புட்டியைத் தூக்கிக் காட்டினேன். “இது நிறைந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். யோசிக்கவில்லை.

மூடிக் கணக்கு இல்லை. மூடிப் பையை எலி கடித்துவிட்டது, பரண் முழுக்க மூடி. நாளைக்கு ஏணி போட வேண்டும்.